அப்பாவின் பழைய ஆம்ப், நான் வாங்கிய டவர் ஸ்பீக்கர்: சத்தம் கூட்டினால் 'டிக்' என்று நின்றுவிடுகிறது

புகைக்கூடத்தார் மகன் | சுங்கை சிப்புட் | வெள்ளி இரவு 10.40

வணக்கம். பல மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பா ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் (ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் இடம்) வேலை செய்தவர். 1986இல் போனஸ் பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஈப்போ போய் ஒரு 40 வாட் ஜப்பான் ஸ்டீரியோ ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கள் வரிசையில் பாதி வீடு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பாட்டில்தான் எழுந்திருக்கும். பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, லயம் போனது, நாங்கள் பட்டணத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். பெட்டியில் கிடந்த ஆம்பை எடுத்து சர்வீஸ் செய்தேன், இரண்டு பக்கமும் சுத்தமாகப் பேசுகிறது.

பழைய ஸ்பீக்கர் கூடத்துக்குப் போதாது என்று நினைத்து, போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜோடி டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) 1,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். "89 டெசிபல், எந்த ஆம்புக்கும் ஓடும்" என்று கடையில் சொன்னார்கள். வீட்டில் வைத்து வால்யூம் குமிழைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை திருப்பினால் 'டிக்' என்று உள்ளே ஒரு சத்தம், பாட்டு நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து தானாக வருகிறது. அதோடு பாஸ் எல்லாம் ஒரே குமுக்கமாக, குழம்பிப்போய் இருக்கிறது, தவிலுக்கும் கிட்டாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூடம் 12 அடிக்கு 18 அடி, தரை முழுக்க டைல், ஸ்பீக்கர் இரண்டும் சுவரோடு ஒட்டி நிற்கின்றன.

அதே கடையில் கேட்டால் 150 வாட் ஆம்ப் வாங்கு, 3,000 வெள்ளி ஆகும் என்கிறார்கள். அப்பாவின் ஆம்பை மூலையில் போட எனக்கு மனசு வரவில்லை. 40 வாட் என்பது உண்மையிலேயே போதாதா?

செம்பனைக்காடு | கோலகங்சார் | வெள்ளி இரவு 11.05

தம்பி, அப்பா ஆம்ப் என்பது புரிகிறது, ஆனால் டவர் ஸ்பீக்கருக்கு 40 வாட் குறைச்சல்தான். நான் 200 வாட் பவர் ஆம்ப் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் மூச்சு வாங்கியதில்லை. கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை.

ஓம் அக்கா | தைப்பிங் | சனி காலை 7.20

புதுசு வாங்கும் முன்னால் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. ஸ்பீக்கர் முதுகில் எத்தனை ஓம் (கரண்டுக்கு அது கொடுக்கும் தடை) என்று போட்டிருக்கிறது? ஆம்பின் பின்னால் ஸ்பீக்கர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? அப்புறம், அந்தப் பழைய ஸ்பீக்கர் ஜோடி இப்போது எங்கே?

புகைக்கூடத்தார் மகன் | சனி காலை 9.15

அக்கா, டவரில் 4 ஓம் என்று இருக்கிறது. டெசிபல் எண்ணுக்குப் பக்கத்தில் 2.83 வோல்ட், 1 மீட்டர் என்றும் போட்டிருக்கிறது. ஆம்பில் ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர் மாட்ட இடம் உண்டு, பின்னால் 'ஏ அல்லது பி: 4 முதல் 16 ஓம், ஏ+பி: 8 முதல் 16 ஓம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பழைய ஜோடி 8 ஓம். அதைச் சமையல்கட்டில் மாட்டி 'பி'யில் கொடுத்திருக்கிறேன், மனைவி சமைக்கும்போது மின்னல் எஃப்எம் கேட்பார். ஸ்விட்ச் எப்போதும் ஏ+பியில்தான் இருக்கும்.

ஓம் அக்கா | சனி காலை 10.02

அங்கேதான் இருக்கிறது. நான் மின்சாரப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் கணக்காகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆம்பில் ஏ, பி இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பில் (பேரலல்) சேர்கின்றன. 4 ஓமும் 8 ஓமும் அப்படிச் சேர்ந்தால் மொத்தம் 2.67 ஓம்தான். இரண்டும் போட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் குறைந்தது 8 ஓம் இருக்க வேண்டும் என்று செய்தவர்களே பின்னால் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது 40 வாட்டை 8 ஓமில் கொடுக்க ஆம்ப் கிட்டத்தட்ட 18 வோல்ட் தள்ள வேண்டும், அப்போது ஓடும் கரண்ட் 2.2 ஆம்பியர். அதே 18 வோல்ட்டை 2.67 ஓமில் தள்ளினால் 6.7 ஆம்பியர், அதாவது மூன்று மடங்கு. இந்த ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரும் அவுட்புட் டிரான்சிஸ்டரும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அந்த 'டிக்' சத்தம் பாதுகாப்பு ரிலே (தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) திறக்கும் சத்தம். கோளாறு என்று நினைக்காதீர்கள், 1986 ஆம்ப் இன்னும் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது, அதற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

இன்னொன்று, ஸ்பீக்கரில் போட்டிருக்கும் ஓம் ஒரே மாதிரி நிற்கும் எண் இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஏறி இறங்கும். 4 ஓம் என்று எழுதினால் எந்த இடத்திலும் 3.2க்குக் கீழே போகக்கூடாது, 8 ஓம் என்றால் 6.4க்குக் கீழே போகக்கூடாது என்று ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரம் சொல்கிறது, ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் அதை மதிப்பதில்லை. மல்டிமீட்டர் இருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு டவரை அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ் என்பதால் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும்.

முதல் வேலை, ஸ்விட்சை ஏயில் மட்டும் வையுங்கள். ஒரு வாரம் கேளுங்கள்.

செம்பனைக்காடு | சனி மதியம் 1.30

அக்கா சொல்வது சரி, நான் பியைக் கவனிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை, பெரிய ஆம்ப்தான் எரிக்கும் என்று இங்கே பல பேர் சொல்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. கல்யாண வீட்டில் 30 வாட் ஆம்பை முழுக்கத் திருப்பி வைத்து ஒரே ராத்திரியில் இரண்டு ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) போனதைப் பார்த்திருக்கிறேன். யாராவது விளக்குங்கள்.

ஓம் அக்கா | சனி மதியம் 2.10

நீங்கள் பார்த்தது உண்மைதான் அண்ணே. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், பாட்டில் இல்லாத மேல் ஸ்வரங்கள் புதிதாக முளைக்கும், அதெல்லாம் கிராஸ்ஓவர் (மேல், கீழ் ஒலியைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) வழியாக நேரே ட்வீட்டருக்குப் போகும். சராசரிச் சக்தியும் ஏறிவிடும். ட்வீட்டரின் கம்பிச்சுருள் முடி மாதிரி மெல்லியது, அதிகச் சூட்டைத் தாங்காது. பெரிய ஆம்பும் எரிக்கும், அது கையைப் பொறுத்தது. குரல் கரகரக்க ஆரம்பித்தால் உடனே குறைப்பதுதான் வழி.

பழைய வால்வு | ஈப்போ | சனி மாலை 6.45

தம்பி, உன் கடைக்காரர் சொன்ன 89 டெசிபலைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். அது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்த சத்தம். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் சரியாக 1 வாட். 4 ஓமில் அதே 2.83 வோல்ட் 2 வாட் இழுக்கும். ஆகவே உன் டவர் 1 வாட்டுக்குத் தருவது 86 டெசிபல்தான். 89 என்று எழுதுவது பொய் இல்லை, ஆனால் பக்கத்தில் இருக்கும் ஓமையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் 87 என்று இருந்தால் அது உன் 89ஐவிட உன் ஆம்புக்குச் சுலபம்.

வாட்டைப் பற்றி இந்த ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. மினி காம்போ பெட்டிகளில் பிஎம்பிஓ (ஒரு கண நேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் எழுதி ஒட்டி ஒரு தலைமுறையைக் கெடுத்துவிட்டார்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஏறுவது 3 டெசிபல், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்கு பத்து மடங்கு வாட். உன் 40ஐ 80 ஆக்கினால் 'கொஞ்சம் கூடியிருக்கிறதே' என்பாய், அதற்கு மேல் இல்லை. 12க்கு 18 கூடத்தில், 10 அடி தள்ளி உட்கார்ந்தால், சாதாரணமாகக் கேட்கும்போது 1 வாட்கூட முழுதாகப் போகாது. மீதி எல்லாம் தவிலில் ஒரு அடி விழும் நேரத்துக்கான கையிருப்பு.

1978இல் வந்த என்ஏடி 3020 ஆம்ப் சேனலுக்கு 20 வாட்தான். ஆனால் கஷ்டமான ஸ்பீக்கரையும் அது ஓட்டிக் காட்டியது, ஏனென்றால் கரண்ட் கொடுக்கத் தெரிந்த ஆம்ப். 8 ஓமில் எத்தனை, 4 ஓமில் எத்தனை என்று இரண்டு எண்ணும் போட்டிருந்தால் அதைப் பார். மராண்ட்ஸ் பிஎம்6007 ஆம்பில் 8 ஓமுக்கு 45, 4 ஓமுக்கு 60 என்று இருக்கும். 4 ஓமுக்கு எண்ணே போடாத ஆம்பை 4 ஓம் ஸ்பீக்கரோடு சேர்க்க நான் யோசிப்பேன்.

நான் வைத்திருப்பது 300பி என்ற வால்வில் ஓடும் ஆம்ப், சேனலுக்கு 8 வாட். அதற்கு ஹார்ன் ஸ்பீக்கர். கிளிப்ஷ் லா ஸ்காலா மாதிரி 105 டெசிபல் ஸ்பீக்கரில் 8 வாட் என்பது ஊரைக் கூட்டும். இதையே உன் டவரில் மாட்டினால் ஐந்து நிமிஷத்தில் மூச்சுத் திணறும். எதோடு எது என்பதுதான் கேள்வி, எது பெரியது என்பதில்லை. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பீக்கர் மாட்டாமல் பாட்டுப் போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பாசார் மாலாம் ரசிகன் | பீடோர் | சனி இரவு 9.30

எல்லாரும் ஓம், வாட் என்கிறீர்கள், ஒயரைப் பற்றிப் பேசவில்லையே? நான் மீட்டருக்கு 150 வெள்ளி ஒயர் போட்ட பிறகுதான் என் சிஸ்டம் திறந்தது. முதலில் ஒயரை மாற்றுங்கள் என்பேன்.

ஓம் அக்கா | சனி இரவு 10.15

சகோதரரே, உங்கள் காதில் கேட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம்பி கையில் இருக்கும் பணத்துக்கு இது முதல் செலவு இல்லை. வீட்டு வயரிங்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் மீட்டருக்கு 0.0074 ஓம். 5 மீட்டர் தூரம் போய் வர 10 மீட்டர், மொத்தம் 0.07 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் இது ஒன்றும் இல்லை. 2.5 தடிமனில் இழை இழையாக வளையும் செப்பு ஒயர் வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே நீளம் வெட்டி, முனையில் பச்சைப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நம் ஈரக்காற்றில் செப்பு சீக்கிரம் கறுக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை முனையை வெட்டிப் புதிதாகச் சீவுங்கள். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

பாசார் மாலாம் ரசிகன் | சனி இரவு 10.40

எண் சரிதான் அக்கா. ஆனால் நான் மாற்றியபோது பழைய ஒயரின் முனை கறுத்துத்தான் இருந்தது, இப்போது நீங்கள் சொல்லும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. அது காரணமா, ஒயர் காரணமா என்று பழசைச் சீவி மாட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தவில்காரர் பேரன் | பாகான் செராய் | ஞாயிறு காலை 8.00

பாஸ் குமுக்கத்தைப் பற்றி நான் சொல்கிறேன், தாத்தாவோடு கோயில் மேளத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவன். தவிலில் வலந்தலை கணீர் என்று வெட்டும், இடந்தலை தும் என்று இறங்கி நின்றுவிடும். நின்றுவிடுவதுதான் முக்கியம். உங்கள் வீட்டில் அது நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கிறது, அதற்கு ஆம்ப் காரணம் இல்லை, சுவர்தான்.

12 அடி என்பது 3.66 மீட்டர். ஒலியின் வேகம் 343 என்று வைத்தால், அந்த அகலத்தில் 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஸ்வரம் இரண்டு சுவருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வீங்கும். 18 அடியில் 31 ஹெர்ட்ஸ். இதற்கு மேலே, டவரின் ஓட்டை (பாஸ் காற்று வெளியேறும் துளை) பின்னால் இருந்து, அதைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சுவர் பாஸைத் தூக்கிக் கொடுக்கும். அரை மீட்டராவது முன்னால் இழுங்கள். ஓட்டையில் ஒரு சுத்தமான காலுறையைச் சுருட்டித் தளர்வாகச் செருகிக் கேளுங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், செலவே இல்லை. டைல் தரைக்கு ஒரு தடிப்பான பாய் அல்லது கம்பளம் போட்டால் உச்சி கூசுவது குறையும், பாஸுக்கு அது உதவாது. தோட்டத்தில் பலகை வீட்டில் பாட்டு நன்றாகக் கேட்டதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். பலகைச் சுவர் பாஸை ஓரளவு வெளியே விட்டுவிடும், சிமெண்டுச் சுவர் திருப்பி உங்கள் மேலேயே எறியும்.

சோதனைக்குத் தெரிந்த வாத்தியத்தை வையுங்கள். உறுமி மேளம் நேரில் கேட்டிருப்பீர்கள், அந்த இழுவை ஸ்பீக்கரில் தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

புகைக்கூடத்தார் மகன் | அடுத்த சனி இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி, ஒரு வாரம் முழுக்க இதே வேலைதான். ஸ்விட்சை ஏயில் மட்டும் வைத்தேன், 'டிக்' நின்றுவிட்டது. மீட்டரில் டவர் 3.3 காட்டியது, பழைய ஜோடி 6.8. சமையல்கட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ரேடியோ வாங்கிக் கொடுத்தேன், 90 வெள்ளி. 'இதில்தான் செய்தி தெளிவாகக் கேட்கிறது' என்கிறார் மனைவி. டவரை ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன், குமுக்கம் பாதி போனது. ஆனால் அரை மணி நேரம் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் ஆம்பின் மூடியில் கை வைக்க முடியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மச்சானிடமிருந்து 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இரவல் வாங்கி வந்தேன், முதுகில் 88 டெசிபல் என்று இருக்கிறது. அதே ஆம்ப், அதே பாட்டு, அதே குமிழ் இடம். சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆம்ப் வெதுவெதுப்போடு நிற்கிறது, முக்கியமாக மிருதங்கமும் பாஸ் கிட்டாரும் தனித்தனியாக வந்துவிட்டன. அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், பாட்டு முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

கேள்வி: நல்ல டவரை விட்டுவிட்டுச் சின்ன ஸ்பீக்கருக்குப் போவது பின்னால் வருத்தம் கொடுக்குமா?

பழைய வால்வு | சனி இரவு 10.30

உனக்கு ஆம்ப் விலை இல்லாத பொருள், ஸ்பீக்கர் மாற்றக்கூடிய பொருள். ஆகவே ஆம்புக்குத் தகுந்த ஸ்பீக்கர் தேடு. சாதாரணமாக யாராவது கேட்டால் நேர்மாறாகச் சொல்வேன், முதலில் அறைக்கும் காதுக்கும் பிடித்த ஸ்பீக்கர், பிறகு அதைத் தாங்கும் ஆம்ப். உன் கதை வேறு. 8 ஓம், 87க்கு மேல் இருந்தால் தைரியமாக வாங்கு. ஸ்பீக்கர் சின்னது என்று குறைத்து எண்ணாதே, பிபிசி ஒலிபரப்பு வண்டிக்காகச் செய்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரில் உள்ளங்கை அகலத்து ஊஃபர்தான் (பாஸ் தரும் கூம்பு), மனிதக் குரலுக்கு இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள். ஆனால் அது 83 டெசிபல் பக்கம், உன் ஆம்பில் கொஞ்சம் தாகமாக இருக்கும், அதை வாங்கச் சொல்லவில்லை.

பழைய ஸ்பீக்கர் பார்த்தால் ஊஃபரின் விளிம்பைத் தொட்டுப் பார். ஸ்பாஞ்ச் விளிம்பு நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பு தாங்கும். ஜப்பானிலிருந்து நேராக வந்த சாமான் என்றால் முதுகில் 100 வோல்ட்டா என்று பார், இது ஆம்புக்கு. அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் அதோடு சரி.

ஓம் அக்கா | சனி இரவு 11.00

ஆம்பின் மேல் எதையும் வைக்காதீர்கள் தம்பி, மேலே ஒரு சாண் காற்று இடம் வேண்டும். பல்லி உள்ளே போய் போர்டில் கிடந்து ஷார்ட் ஆன ஆம்ப் இரண்டை நானே திறந்திருக்கிறேன், பின்னால் பெரிய ஓட்டை இருந்தால் மெல்லிய கம்பி வலை போடுங்கள், காற்று போக வேண்டும். மழைக்கு முன் இடி கேட்டால் பிளக்கையும் ஏரியல் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

செம்பனைக்காடு | ஞாயிறு காலை 7.40

தம்பி, அந்த டவரை விற்கப்போகிறாய் என்றால் வேறு யாருக்கும் சொல்லாதே. என் பவர் ஆம்ப் 4 ஓமுக்கு 320 வாட் என்று போட்டிருக்கிறது, கையேட்டை நேற்று தேடி எடுத்துப் பார்த்தேன். உன் விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

புகைக்கூடத்தார் மகன் | ஞாயிறு காலை 8.25

அண்ணே, 1,300க்கு எடுத்துக்கொள்ளுங்கள், இடது பக்கத்து டவரின் அடியில் ஒரு கீறல் இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், தோசைக்கு மாவு அரைத்து வைக்கச் சொல்கிறேன். உங்கள் ஆம்பையும் வண்டியில் ஏற்றி வாருங்கள். இங்கேயே மாட்டி, ஒரு மணி நேரம் கேட்டு, மூடியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும்.